பீட் சீகர் பாலம்னு சொன்னா குறைஞ்சா போயிடும்?

ஒரு ஆற்றுப் பாலத்துக்கு மூணு விதமான ஆட்கள் உண்டு. கட்டுறவன் ஒருத்தன், தினமும் சுங்கம் அழுவுறவன் ஒருத்தன், கடைசியில் பலகையில் பேர் வாங்கிட்டுப் போறவன் ஒருத்தன். இந்த மூணாவது ஆசாமி எப்பவும் முதல் ரெண்டு பேரில் ஒருத்தரா இருந்ததே கிடையாது. இது ஏதோ நம்ம ஊர் வியாதி, மேல்நாட்டுக்காரன் இதில் எல்லாம் யோக்கியன் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றின் மேல் நடந்த கூத்து இது. நடந்து வருஷங்கள் ஆச்சு. எனக்கு இன்னும் ஆறலை.

முதலில் பாலம் எதுன்னு சொல்லிடறேன். நியூயார்க் நகரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, கிழக்குக் கரையில் டாரிடவுன், மேற்குக் கரையில் நயாக். நடுவில் ஆறு கடல் மாதிரி அகண்டு கிடக்கும். அந்த இடத்துக்கே டாப்பன் ஸீ என்றுதான் பேர். டாப்பன் என்பது அங்கே வாழ்ந்த லெனாபி பழங்குடிகளில் ஒரு பிரிவின் பெயர். ஸீ என்றால் டச்சு மொழியில் கடல். அங்கே 1955 டிசம்பரில் சுமார் 3 மைல் நீளத்துக்கு ஒரு பாலம் திறந்தார்கள்.

ஆறு இவ்வளவு அகலமாக இருக்கிற இடத்தில் எந்த மடையனாவது பாலம் கட்டுவானா? கட்டினதுக்குக் காரணம் இருக்கு. நியூயார்க் துறைமுக ஆணையத்தின் எல்லை சுதந்திர தேவி சிலையிலிருந்து 25 மைல் சுற்றளவு. அதற்குள்ளே கட்டினால் சுங்கப் பணம் அவர்களுக்குப் போகும். அப்போதைய கவர்னர் தாமஸ் ட்யூயிக்கோ தன்னுடைய புது நெடுஞ்சாலைக்குப் பணம் வேணும். அதனால் எல்லைக்கோட்டைத் தாண்டினதும் தாண்டாததுமாக, ஆறு விரிந்து கிடக்கிற இடத்தில் பாலம் வந்தது. பிறப்பே வசூலுக்காகத்தான். அந்த நெடுஞ்சாலைக்கு அப்புறம் ட்யூயி பேரையே வைத்துவிட்டார்கள் என்பது கொசுறு.

சரி, பேர் கதைக்கு வருவோம். 1994-ல் இந்தப் பாலத்துக்கு மால்கம் வில்சன் என்ற பெயரை முன்னால் ஒட்டினார்கள். யார் இவர் என்று கேட்கிறீர்களா? அந்த ஊர்க்காரர்களே அதைத்தான் கேட்டார்கள். 1973 டிசம்பரிலிருந்து ஒரே ஒரு வருஷம் கவர்னராக இருந்தவர். அதுவும் முந்தைய கவர்னர் ராக்ஃபெல்லர் நடுவில் விலகியதால் கிடைத்த நாற்காலி. அடுத்த தேர்தலில் தோற்றுப் போனார். ஒரு வருஷ கவர்னருக்கு 3 மைல் பாலம். மாசத்துக்குக் கால் மைல் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். :-)

பழைய பாலம் தளர்ந்து போனதும் பக்கத்திலேயே சுமார் 400 கோடி டாலர் செலவில் இரட்டைப் பாலம் கட்டினார்கள். ஒரு பாதி 2017 ஆகஸ்டில் திறந்தது, மறு பாதி 2018 செப்டம்பரில். இது நூறு வருஷம் தாங்கும் என்று சொல்லிக் கட்டியிருக்கிறார்கள். இந்த நூறு வருஷத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேணும்.

கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோது, 2014 ஜனவரி 27-ம் தேதி பீட் சீகர் செத்துப்போனார். வயசு 94. பாடகர். 'வி ஷல் ஓவர்கம்' பாட்டை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தவர்களில் முக்கியமானவர். நம்மில் பலருக்கு அவரைத் தெரிந்தது அந்தப் பாட்டால்தான். ஆனால் ஹட்சன் கரையில் இருப்பவர்களுக்கு அவர் முதலில் ஆற்றுக்காரர், அப்புறம்தான் பாட்டுக்காரர். அவர் போன சில நாட்களிலேயே புதுப் பாலத்துக்கு அவர் பெயரை வைக்கணும் என்று மனு கிளம்பியது. ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டார்கள்.

என்ன நடந்தது? 2017 ஜூன் கடைசியில் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டம். நியூயார்க் நகரப் பள்ளிகளை மேயரின் கட்டுப்பாட்டில் வைப்பதை நீட்டிக்கணும், கெடு முடியுது, அவசரம். அந்த மூட்டைக்குள்ளேயே பாலத்தின் பேரும் போயிற்று. 'கவர்னர் மரியோ எம். க்யூமோ பாலம்'. மரியோ க்யூமோ 1983-லிருந்து 1994 வரை கவர்னராக இருந்தவர், 2015 ஜனவரி 1 அன்று இறந்தவர். இந்தப் பெயரை வைக்கணும் என்று ஆசைப்பட்ட அன்றைய கவர்னர் யாரு? ஆண்ட்ரூ க்யூமோ. மரியோவின் மகன்.

அப்பாவுக்கு மகன் செய்த மரியாதை, இதில் என்ன தப்பு என்கிறார்கள் சிலர். அப்பாவுக்கு மரியாதை செய்ய ஆசையா? தாராளமாச் செய்யுங்க. சொந்தக் காசில் ஒரு நூலகம் கட்டுங்க, ஒரு பெஞ்சு போடுங்க. ஊர்க் காசில் கட்டின பாலத்தில் ஏன் குடும்பப் பேரை எழுதறீங்க? பழைய பெயரே போதும், திருப்பிக் கொடு என்று 1,00,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அசையலை. மகனும் 2021 ஆகஸ்டில் பதவி விலகிப் போயாச்சு. பலகை மட்டும் அப்படியே நிக்குது.

இந்தப் பாலத்தின் காலடியில் இருக்கிற ஒரு ஊர் எப்படிப் பேர் மாற்றியது தெரியுமா? கிழக்குக் கரையில் நார்த் டாரிடவுன் என்று ஒரு ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலை இருந்தது. 1996-ல் மூடினார்கள். அதே வருஷம் அந்த ஊர் ஜனங்கள் ஓட்டுப் போட்டு, ஊர்ப் பெயரை ஸ்லீப்பி ஹாலோ என்று மாற்றிக்கொண்டார்கள். ஊரைக் கேட்டு வைத்த பேர். பாலத்துக்கும் அப்படி ஒரு ஓட்டு வைத்திருந்தால் கவர்னர் குடும்பத்துக்கு டெபாசிட் தேறியிருக்குமா என்பதே சந்தேகம்.

ஹட்சன் மேல் இருக்கிற மற்ற பாலங்களையும் பாருங்க. ஒன்று ஜார்ஜ் வாஷிங்டன், சரி, போகட்டும். ஒன்று ரூஸ்வெல்ட், அவரும் நியூயார்க் கவர்னராக இருந்து ஜனாதிபதி ஆனவர். ஒன்று ஜார்ஜ் க்ளின்டன், மாநிலத்தின் முதல் கவர்னர். சீகர் அறுபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்த பீக்கன் ஊரில் இருக்கிற பாலத்துக்கு ஹாமில்டன் ஃபிஷ் பேர், அது தலைமுறை தலைமுறையாக அரசியலில் இருந்த குடும்பம். எல்லாத்துக்கும் மேலே, இன்னொரு பாலத்தின் பேர் ரிப் வான் விங்கிள்! மலையில் படுத்து இருபது வருஷம் தூங்கினதாகக் கதையில் வருகிற ஆள். இல்லாத ஒருத்தன் தூங்கினதுக்குப் பாலம் உண்டு. இருந்த ஒருத்தர் ஆற்றை எழுப்பினதுக்குப் பாலம் கிடையாது.

அப்படி என்ன பெரிசா செஞ்சுட்டார் என்று கேட்பீர்கள். சொல்றேன்.

1960-களில் ஹட்சன் சாக்கடை. அலங்காரத்துக்குச் சொல்லலை, நிஜமாவே சாக்கடை. மன்ஹாட்டனின் மேற்குப் பகுதிக் கழிவு மட்டும் தினம் சுமார் 15 கோடி காலன், சுத்தம் செய்யாமல் நேரே ஆற்றில் போய்க்கொண்டிருந்தது. அதற்கு ஒரு சுத்திகரிப்பு நிலையம் வந்தது 1986-ல்தான். மேலே சொன்ன கார் தொழிற்சாலையில் இன்றைக்கு என்ன கலர் அடிக்கிறார்கள் என்பதை ஆற்றுத் தண்ணீரைப் பார்த்தே சொல்லலாம் என்று கரையோர ஜனங்கள் பேசிக்கொள்வார்கள். இன்னும் வடக்கே, ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் இரண்டு தொழிற்சாலைகள் 1947-லிருந்து 1977 வரை பி.சி.பி. என்கிற விஷ எண்ணெயை ஆற்றில் விட்டன. மொத்தம் 13 லட்சம் பவுண்டு வரை என்பது அரசாங்கக் கணக்கு. மின்மாற்றியிலும் கெபாசிட்டரிலும் போடுகிற சரக்கு அது. லேசில் அழியாது. சேற்றில் தங்கும், மீனின் கொழுப்பில் ஏறும், அங்கிருந்து மனுஷன் உடம்புக்கு வரும். 1976-ல் மீன் பிடிக்கவே தடை போட்டார்கள். தலைமுறையாக வலை போட்டுப் பிழைத்தவர்கள் வலையைச் சுருட்டி வைத்தார்கள்.

இந்த ஆற்றுக்குத்தான் சீகர் ஒரு கப்பல் செய்தார். 19-ம் நூற்றாண்டில் ஹட்சனில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஓடின ஒற்றைப் பாய்மரக் கப்பல்களைப் பற்றி ஒரு பழைய புத்தகத்தில் படித்தார். அதே மாதிரி ஒன்று செய்வோம் என்றார். ஊர் ஊராகப் பாடிப் பணம் சேர்த்தார்கள். 1966-ல் அமைப்பு ஆரம்பித்து, 1969-ல் 106 அடி நீளக் கப்பலைத் தண்ணீரில் இறக்கினார்கள். கப்பலின் பேர் கிளியர்வாட்டர், தெளிந்த நீர். சாக்கடையில் மிதக்கிற கப்பலுக்கு அந்தப் பேர் வைக்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும்!

கப்பல் வைத்து ஆற்றைச் சுத்தம் பண்ண முடியுமா? முடியாது. சீகருக்கும் அது தெரியும். அவர் கணக்கு வேற. ஆற்றை வெறுத்துப் போய் அதற்கு முதுகைக் காட்டிக் கட்டின ஊர்கள் எல்லாம் ஒரு நாளாவது கரைக்கு வரணும். வந்தால் நாற்றம் தெரியும். தெரிந்தால் கோபம் வரும். கோபம் வந்தால் ஓட்டுக் கேட்க வருகிறவனிடம் கேள்வி கேட்பான். அவ்வளவுதான் சூத்திரம். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றி, கயிறு இழுக்க விட்டு, வலை போட்டு மீனைக் காட்டி, தண்ணீரைக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அரை நூற்றாண்டாக லட்சக்கணக்கான பிள்ளைகள் அப்படி ஏறி இறங்கியிருக்கிறார்கள். 1970-களின் தொடக்கத்தில் கப்பலை வாஷிங்டன் வரைக்கும் ஓட்டிப் போய் அரசியல்வாதிகளின் வாசலில் நிறுத்தினார்கள். 1972-ல் தூய நீர்ச் சட்டம் வந்தது. ஜனாதிபதி நிக்சன் அதற்குத் தடை போட்டார், நாடாளுமன்றம் அந்தத் தடையைத் தள்ளிவிட்டு நிறைவேற்றியது.

சீகர் ஒருத்தரே எல்லாம் செய்தார் என்று நான் சொல்ல வரலை. ஸ்டார்ம் கிங் மலையைக் குடைந்து மின் நிலையம் கட்ட வந்த கான் எடிசன் கம்பெனியை எதிர்த்து 1963-லிருந்து 1980 வரை வழக்காடினவர்கள் இருக்கிறார்கள். 1966-ல் சங்கம் வைத்து, கழிவு விடுகிற கம்பெனிகளைத் தேடிப் பிடித்த மீனவர்கள் இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் இந்த ஆற்றில் பங்கு உண்டு. "அப்ப சீகருக்கு மட்டும் ஏன் பேர்?" என்று மடக்குகிறவர்களுக்கு ஒரு பதில் கேள்வி: மரியோ க்யூமோ என்ன தனியாளா சிமெண்ட் குழைத்துப் பாலம் கட்டினாரா? பேர் என்பது ஒருத்தரை வைத்துப் பலரைச் சொல்வது. யாரை வைத்து யாரைச் சொல்கிறோம் என்பதுதான் விஷயம். கவர்னர் பேர் கவர்னர்களைச் சொல்லும். சீகர் பேர் வலையைச் சுருட்டின மீனவன் வரைக்கும் சொல்லும்.

அடுத்த ஆட்சேபணை: அவர் கம்யூனிஸ்ட். ஆமாம், இளமையில் கட்சியில் இருந்தார். அப்புறம் விலகினார். ஸ்டாலினின் கொடுமைகளை நேரத்தோடு பார்க்கத் தவறினதற்காகப் பின்னாளில் வருத்தமும் தெரிவித்தார். 1955 ஆகஸ்டில் நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரித்தது. பலரும் செய்த மாதிரி, தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொள்ள மாட்டேன் என்கிற சட்டப்பிரிவின் பின்னால் அவர் ஒளியவில்லை. என் அரசியலையும் சிநேகிதர்களையும் பற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிட்டு வந்தார். 1961-ல் ஒரு வருஷச் சிறை என்று தீர்ப்பு, 1962-ல் மேல்முறையீட்டில் ரத்து. தொலைக்காட்சியில் பல வருஷம் தலை காட்ட முடியலை. அதே அரசாங்கம்தான் 1994-ல் தேசியக் கலைப் பதக்கம் கொடுத்தது. 2009 ஜனவரியில் ஒபாமா பதவியேற்புக் கொண்டாட்டத்தில், லிங்கன் நினைவிடத்தின் படிகளில் நின்று பாடினார். நாடே மன்னித்து... இல்லை, தன் தப்பை நாடே ஒத்துக்கொண்டு பதக்கம் கொடுத்தாச்சு. பாலத்துக்கு மட்டும் என்ன தீட்டு?

இதில் ஒரு வேடிக்கை. அவரை விசாரணைக் கூண்டில் நிறுத்தினது 1955 ஆகஸ்ட். பழைய பாலம் திறந்தது 1955 டிசம்பர். நாலு மாச வித்தியாசம். ஒரே வருஷத்தில் பாலத்துக்கு ரிப்பன், பாட்டுக்காரருக்குச் சம்மன். பாலம் இடிந்து போச்சு. ஆளும் போயாச்சு. அவர் இறக்கின கப்பல் மட்டும் இன்னும் அந்தத் தண்ணீரில் ஓடிக்கிட்டிருக்கு.

இன்னொரு ஆட்சேபணை கொஞ்சம் புத்திசாலித்தனமானது. ஆற்றுக்காகப் பாடினவர் பேரை, தினம் 1,00,000 வாகனத்துக்கு மேல் புகை விட்டுப் போகிற கான்கிரீட்டில் எழுதுவது அவமானம் இல்லையா? பீக்கனில்தான் கரையோரப் பூங்காவுக்கு அவர் பேரையும் மனைவி டோஷி பேரையும் வைத்தாச்சே, அது போதாதா? போதாது. பூங்காவுக்கு வருகிறவன் ஏற்கெனவே ஆற்றைப் பார்க்க வந்தவன். அவனுக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. பாலத்தில் போகிறவன்தான் ஆற்றை மறந்து போகிறவன். அவனுக்குத்தான் அந்தப் பேர் தேவை. காலையில் வானொலியில் டிராஃபிக் சொல்கிறவர், சுங்க ரசீது, ஜி.பி.எஸ். பொம்பளைக் குரல், எல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் பேரைச் சொல்லும்! "யாருப்பா இந்த சீகர்?" என்று பின் சீட்டுப் பிள்ளை ஒரு தடவை கேட்டால் போதும். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் கீழே ஓடுகிற தண்ணீரில் வந்துதான் முடியும்.

மூணாவது ஆட்சேபணைக்கு நான் மரியாதை தர்றேன். டாப்பன் ஸீ என்பது பழங்குடிப் பேர், அந்த இடத்தின் பேர், அதை அழிக்காதே என்கிறார்கள். நியாயம். மனுஷன் வரும் முன்னே இடம் இருந்தது. ஆனால் 1994-ல் என்ன செய்தார்கள்? 'மால்கம் வில்சன் டாப்பன் ஸீ பாலம்' என்று இரண்டையும் சேர்த்துத்தானே வைத்தார்கள்? அதே மாதிரி 'பீட் சீகர் டாப்பன் ஸீ பாலம்' என்று வைக்க என்ன கஷ்டம்? பழசும் இருக்கும், புதுசும் இருக்கும். 2017-ல் இரண்டையும் துடைத்தெறிந்தது க்யூமோ பேர்தான்.

மரியோ க்யூமோவை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். ஹட்சன் பள்ளத்தாக்குக்கான பசுமைவழிச் சட்டம் 1991-ல் வந்தது அவர் காலத்தில்தான். ஆனால் இந்தப் பாலத்துக்கும் ஆற்றுக்கும் அவர் மகனின் ஆட்சி செய்த காரியம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. 2014-ல், அதாவது சீகர் செத்த அதே வருஷம், பாலம் கட்டப் பணம் போதவில்லை என்று எங்கே கை வைத்தார்கள் தெரியுமா? தூய நீர்க் கடன் நிதியில்! ஊர்களுக்குச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதற்காக மத்திய அரசின் பணத்தில் நடக்கிற நிதி அது. அதிலிருந்து சுமார் 51 கோடி டாலரைப் பாலத்துக்குத் திருப்பப் பார்த்தார்கள். ஆற்றுக்காரர்கள் கத்தினார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதில் பெரும்பகுதியை, 48 கோடி டாலருக்கும் மேல், முடியாது என்று தள்ளிவிட்டது. சீகர் எந்தச் சட்டத்துக்காகக் கப்பல் ஓட்டினாரோ, அந்தச் சட்டத்தின் பணத்தை எடுத்துப் பாலம் கட்டப் பார்த்துவிட்டு, பாலத்தில் அப்பா பேரை எழுதியிருக்கிறார்கள். வயிறு எரியுமா எரியாதா?

இப்ப ஆறு சுத்தமாயிடுச்சே, இனி என்ன என்பீர்கள். சாக்கடை குறைந்தது உண்மை. பல இடங்களில் குளிக்கிறார்கள். ஆனால் ஹட்சன் ஃபால்ஸிலிருந்து நியூயார்க் துறைமுகம் வரை சுமார் 200 மைல் ஆற்றை 1984-ல் நச்சுக் கழிவு இடம் என்று அறிவித்தார்கள். இந்தப் பாலம் நிற்பதும் அந்த 200 மைலுக்குள்தான். அறிவித்து 25 வருஷம் கழித்து, 2009-ல்தான் சேற்றை அள்ள ஆரம்பித்தார்கள், அதுவும் மேல் பகுதியில் மட்டும். 2015-ல் முடித்தார்கள். 2019-ல் வேலை முடிந்தது என்று கம்பெனிக்கு மத்திய முகமை சான்றிதழ் கொடுத்தது. நச்சு இன்னும் இருக்கு, எப்படிச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று நியூயார்க் மாநிலம் வழக்குப் போட்டு, 2021-ல் தோற்றது. மேல் ஹட்சனில் பிடிக்கிற மீனை இன்றைக்கும் தின்னக்கூடாது, பிடித்தால் திரும்ப விட்டுவிடணும்.

அதனால்தான் பேர் முக்கியம் என்கிறேன். கவர்னர் பேர் என்ன சொல்லுது? வேலை முடிஞ்சாச்சு, திறப்பு விழா ஆச்சு, எல்லாரும் கை தட்டிட்டு வீட்டுக்குப் போங்க என்று சொல்லுது. சீகர் பேர் வேற சொல்லும். கடன் பாக்கி இருக்கு என்று சொல்லும். ஆற்றை நாசம் செய்யக் கோப்பு நீட்டுகிற எந்த அதிகாரியும், அந்தப் பேர் எழுதின பாலத்தைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போகணும். கொஞ்சமாவது உறுத்தும். ஆட்சியில் இருப்பவர்களுக்கு அது பிடிக்காது. பிடிக்காது என்பதால்தான் வைக்கணும்.

பாலம் நூறு வருஷம் நிக்கும் என்று சொன்னேன் இல்லையா? நூறு வருஷம் கழித்து மரியோ க்யூமோ யார் என்று கேட்டால், இன்றைக்கு மால்கம் வில்சனுக்குக் கிடைக்கிற அதே பதில்தான் கிடைக்கும். யாரோ ஒரு கவர்னர். ஆறு அப்பவும் ஓடும். அது எந்த நிலையில் ஓடும் என்பதற்குப் பாலம் கட்டினவர்கள் யாரும் உத்தரவாதம் கொடுக்கலை.

சட்டமன்றம் வைத்த பேரைச் சட்டமன்றம் மாற்றலாம். ஒரு மசோதா, ஒரு ஓட்டெடுப்பு, சில பலகைகள். அது நடக்கிற வரைக்கும் நான் பீட் சீகர் பாலம் என்றுதான் சொல்லுவேன். வாய்க்குச் சுங்கம் கிடையாது.